வியாழக்கிழமை மேல் போட்ட பழி

எங்கள் லேபில் எது கெட்டுப்போனாலும் பழி வியாழக்கிழமை மேல்தான் விழும். புனேயில் அன்றைக்குத்தான் கம்பி, கம்பம் பழுதுபார்ப்பதற்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அதனால் போசரியில் இருந்த எங்கள் மருந்துக் கம்பெனிக்கும் அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை, வியாழக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை வந்து கதவைத் திறந்தால் ஏதாவது ஒரு மெஷின் முரண்டு பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தது இளகியிருக்கும். ‘குருவார்’ என்று மராத்தியில் கிழமையின் பெயரைச் சொல்லிக் கையை விரித்தால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். டிபன் டப்பாவில் இட்லி கல்லாக இருந்தால்கூடக் குருவார்தான் காரணம் என்று சிரிப்போம்.

சிரித்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு தடவை அதைக் கையெழுத்துப் போட்டு எழுதியும் கொடுத்தேன்.

போன மாதம் பழைய கம்பெனியில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது லேபில் பேனாவுக்கு வேலையே இல்லை. மெஷின் சோதிக்கிறது, கம்ப்யூட்டர் எழுதுகிறது, எழுதியதை மாற்றினால் யார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதையும் அதுவே எழுதிவைக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் பெருமையாகச் சுற்றிக் காட்டிவிட்டு, “அப்பல்லாம் நீங்க மனசுக்குத் தோணினத எழுதிக்கலாமா மேடம்?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே பதிலும் வந்துவிட்டது. “எழுதிக்கலாம். நானே எழுதியிருக்கேன்” என்றேன். அந்தப் பெண் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கையில் சமோசாத் தட்டை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கக் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அடுத்த சில வருஷங்கள் சொட்டுச் சொட்டாய் விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனைகள். தொண்ணூறுகளில் எச்.பி.எல்.சி. மெஷின் வந்தது. மருந்தைக் கரைத்து அதற்குள் செலுத்தினால், அதில் கலந்திருப்பவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து காகிதத்தில் மலைமலையாய்க் கோடு வரையும். மருந்து பெரிய மலை. வேண்டாத பொருள் இருந்தால் பக்கத்தில் ஒரு சின்னக் குன்று எழும்பும். அந்தக் குன்று எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. என் உத்தியோகம் பூராவும் அந்தக் குன்றுகளை அளப்பதிலேயே போயிற்று.

எங்கள் தரப் பிரிவுக்குத் தலைவர் ஆப்டே சார். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரிப்போர்ட் படிக்கும்போது ஒரு மரஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்துவார். ஸ்கேல் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் எதிரில் நிற்பவர் தன் தப்பை மனசுக்குள் தேட ஆரம்பித்துவிடுவார். தலையை நிமிர்த்தாமல், “அஸ கா?” என்பார். அப்படியா என்று அர்த்தம். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்ல மாட்டார். நாலு திட்டுத் திட்டினால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், இந்த ‘அஸ கா’வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் அதை அடித்துத் திருத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, அடித்த காரணம், நாலும் இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் என் மேஜை டிராயரில் எழுத்தை மறைக்கும் வெள்ளை மை பாட்டில் ஒன்று வைத்திருந்தேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். எடுத்துக்கொண்டு போய், தன் ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டில் அழிந்துபோயிருந்த எண்களைத் தீட்டிவிட்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். “சரியான வேலைக்கு உபயோகப்பட்டுது, கலாபாயி” என்றார். லேபே சிரித்தது. எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரில்லாமல் இந்தக் கதை இல்லை.

அப்பாவுக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு விஷ்ராந்த்வாடி வீட்டில் அவரும் நானும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே சொல்லப்போவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்கு இடது விலாவில் அக்கி போட்டது. தேஹு ரோட்டிலிருந்து ஒருவர் வந்து காவியைக் குழைத்து அக்கி எழுதினார். டாக்டர் மருந்தும் கொடுத்தார். மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அக்கி வந்த இடத்து நரம்பு கெட்டுப்போனால் சிலருக்கு இப்படி வருஷக்கணக்கில் நிற்கும் என்றார் டாக்டர். நெருப்புக் குச்சியைக் கிழித்து வைத்த மாதிரி எரியும், திடீரென்று சுண்டி இழுக்கும். துணி பட்டால் தாங்காது. டிசம்பர் குளிரில், ஊரே ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு திரியும்போது, அப்பா வெற்று உடம்போடு நாற்காலியில் இடது கையைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுக்கும் போக மாட்டார். கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது.

புனேயில் கேம்ப் பகுதியில் இருந்த நரம்பு டாக்டர் அவருக்குக் காபாபென்டின் எழுதிக் கொடுத்தார். வலிப்பு நோய்க்காக வந்த மருந்து அது. கெட்டுப்போன நரம்பின் வலிக்கும் கேட்கிறது என்று அப்போதுதான் டாக்டர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி சரக்கு ஒன்றுதான் கிடைத்தது. விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். அதுவும் புனே கடைகளில் கிடைக்காது, பம்பாயிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வாங்கி அனுப்புவார். சில மாதம் வரும், சில மாதம் வராது. வந்த மாதம் அப்பா அரை மனுஷனாவது ஆவார். வராத மாதம் நாற்காலிதான்.

ஒருநாள் நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது, அப்பா செய்தித்தாளை விரித்துக் கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைத் தீப்பெட்டி அட்டையால் இரண்டு பங்காக்கிக்கொண்டிருந்தார். ஒரு வேளைக்கு உள்ளதை இரண்டு வேளைக்கு.

“இன்னாப்பா இது?”

“கொஞ்சம் நாளு கூட வரும்ல. நீ இன்னாத்துக்கு மொறைக்கிற?”

மருந்துக் கம்பெனியில் பொடியை மில்லிகிராம் கணக்கில் நிறுப்பவள் நான். என் வீட்டில் என் அப்பா தீப்பெட்டி அட்டையால் அளந்துகொண்டிருக்கிறார். அவமானமாக இருந்தது.

அதற்கடுத்த வருஷம்தான் எங்கள் கம்பெனி அதே காபாபென்டினைத் தானே தயாரிக்க முடிவு செய்தது. நம் நாட்டில் அப்போது அப்படிச் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. வேறு சில கம்பெனிகளும் இறங்கியிருந்தன. விலை பாதிகூட இருக்காது, ஊரில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் கிடைக்கும். அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோன சாயங்காலம் அப்பா சிரித்ததை வெகு நாளைக்குப் பிறகு பார்த்தேன். மார்க்கெட்டில் பார்த்தவர்களிடமெல்லாம், “எம் பொண்ணு கம்பெனிலயே வரப்போவுது” என்று சொல்லிவிட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “கணபதி பண்டிகை முடிஞ்சதும் கையில குடுத்துடறேன்ப்பா” என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூனில் முதல் மூன்று பேட்ச் தயாராயிற்று. அவற்றிலிருந்து சில ஸ்ட்ரிப்புகளை எங்கள் சூட்டுப் பெட்டியில் வைத்தோம். ஆளுயர அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே எப்போதும் நாற்பது டிகிரிச் சூடும் மழைக்காலத்துப் புழுக்கமும். கடையில் இரண்டு வருஷம் கிடந்து ஒரு மருந்து கெடுகிற கேடு அதற்குள் சில மாதத்திலேயே வந்துவிடும். காபாபென்டினுக்கு ஒரு குணம் உண்டு. சூடோ உரசலோ பட்டால் அதன் மூலக்கூறு தன்னைத்தானே வளைத்து மூடிக்கொண்டு லாக்டம் என்ற வேறு பொருளாகிவிடும். அது வலிக்குக் கேட்காது, வரம்புக்கு மேல் உடம்புக்குள் போகவும் கூடாது. முதல் மாதம் எடுத்துச் சோதித்தோம், நன்றாக இருந்தது. இரண்டாம் மாதம் கொஞ்சம் ஏறியிருந்தது, வரம்புக்குள்தான். மூன்றாம் மாதமும் வரம்புக்குள் நின்றால் மருந்து கடைக்குப் போகும் என்று ஏற்பாடு.

மூன்றாம் மாதச் சோதனை கணபதி முடிந்த மறுவாரம் வந்தது. நானேதான் செய்தேன். பெரிய மலை வந்தது. காகிதம் நகர்ந்தது. லாக்டம் வரவேண்டிய நிமிஷத்தில் பேனா மேலே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. வரம்பைத் தாண்டிவிட்டது. கரைசலை மறுபடி புதிதாகத் தயாரித்துப் போட்டேன். அதே உயரம். மூன்று பேட்ச்சும் அப்படியே.

எனக்கு முதலில் கண்ணில் தெரிந்தது அப்பாவின் நாற்காலிதான். பிறகு, வேறு எதையாவது பிடித்துக்கொள்ளலாமா என்று தேட ஆரம்பித்தேன். சூட்டுப் பெட்டியின் நெற்றியில் வட்டமான ஒரு காகிதம் இருக்கும். அதில் ஒரு பேனா உள்ளே இருக்கும் சூட்டை வரைந்துகொண்டே சுற்றும். வாரம் ஒரு காகிதம். பழைய வாரங்களின் காகிதம் எல்லாம் ஆப்டே சார் கையெழுத்தோடு ஒழுங்காக இருந்தது. கடைசி வாரத்துக் காகிதத்தில் மட்டும் புதன்கிழமையோடு மை காய்ந்து கோடு நின்றுபோயிருந்தது. வியாழக்கிழமை பட்டை வெறுமையாக இருந்தது.

வியாழக்கிழமை! கரண்ட் போயிருக்கும், ஜெனரேட்டருக்கு மாறும்போது பெட்டி தறிகெட்டுச் சூடாகியிருக்கும், மருந்து வெந்துபோயிருக்கும். இப்படி ஓடியது புத்தி. நான் பொய் சொல்கிறேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவேயில்லை. இது சத்தியம். நடந்ததை எழுதுகிறேன் என்றுதான் நினைத்தேன். ‘வியாழக்கிழமை மின்தடையால் பெட்டியின் சூடு மிகுந்தது. ஆகவே இந்தச் சோதனை செல்லாது. கடைசி வாரம் பெட்டியில் இராத மாற்று மாதிரிகளை வைத்து மறுபடி சோதிக்கலாம்’ என்று படிவத்தில் அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆப்டே சாரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

ஸ்கேல் வரிவரியாக நகர்ந்தது. ‘மின்தடை’யில் நின்றது.

“அஸ கா?”

“ஆமா சார். குருவார்.”

“அதே பெட்டியில வேற மருந்தும் இருந்துதே. அதெல்லாம்?”

“அதெல்லாம் கெட்டி சார். இது நோஞ்சான்.”

அவர் தலையை ஆட்டினார். நான் தப்பித்தேன் என்று நினைத்துத் திரும்பும்போது, “ஜெனரேட்டர் புக்கைக் கொஞ்சம் கொண்டுவாயேன். எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துதுன்னு இதுல சேர்த்துடலாம்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஜெனரேட்டர் கொட்டகை கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பவார் மாமா. லீவு நாளிலும் வந்து காவல் காப்பவர், ஏழாவது படித்தவர். அப்பாவின் வலி அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “பாபா எப்படி இருக்கார்?” என்று கேட்காமல் விடமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு வியாழனும் போன நேரம், வந்த நேரம், டீசல் அளவு எல்லாம் குண்டு குண்டாக எழுதியிருந்தது. நான் கேட்ட வியாழனுக்கு நேராக இரண்டே மராத்தி வார்த்தை: ‘லைட் இருந்தது.’ லைட் என்றால் அங்கே கரண்ட்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“கணபதி ஹை ந, பாயி! லைட் கைசே ஜாயேகி?”

கணபதி ஆயிற்றே, கரண்ட் எப்படிப் போகும் என்கிறார். ஆமாம். அது கணபதி வாரம். தெருவுக்குத் தெரு பந்தல், விளக்கு, ஸ்பீக்கர். அந்தப் பத்து நாளும் கரண்டை நிறுத்தி ஊரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். கொழுக்கட்டைக்கு மாவு அரைத்தேன், மிக்ஸி நாள் முழுக்க ஓடியது. எதிர்ப் பந்தலில் பாட்டுப் போட்டுக் காது கிழிந்தது. இத்தனையும் நடந்த நாளைப் பிடித்துக் கரண்ட் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! புனேயில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா இது?

பவார் மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஹிந்தியில், “பாபாவோட மருந்துக்கா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“ரெண்டு மணி நேரம்னு போட்டுடட்டுமா பாயி? போதுமா? யார் கேக்கப்போறா?”

உடனே வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு மணி நேரம் போதும் என்று மனசுக்குள் கணக்குக்கூடப் போட்டேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போவதும் மனசில் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது. நான் இத்தனை நாளும் ஒரு கிழமை மேல் பழி போட்டேன், கிழமை வந்து என்னைக் கேட்காது. இப்போது என் பொய்க்குக் கீழே இந்த மனுஷன் பெயர் வரப்போகிறது. அதுவும் எங்கப்பா மேல் இருக்கிற இரக்கத்தால்.

“வேணாம் மாமா, மூடுங்க” என்றேன்.

புத்தகத்தைக் கொண்டுபோய் ஆப்டே சார் முன்னால் பிரித்து வைத்தேன். “கரண்ட் போகல சார். நான் விசாரிக்காம எழுதிட்டேன். மருந்துதான் கெட்டிருக்கு” என்றேன். அவர் அந்த இரண்டு மராத்தி வார்த்தையைப் படித்தார். ‘அஸ கா’ வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“உங்க அப்பா இந்த மருந்தை தினம் மூணு வேளை சாப்பிடப்போறார், இல்லையா?”

“ஆமா சார்.”

“அப்போ சரியா எழுது” என்று தன் நாற்காலியிலிருந்து எழுந்து, என்னை உட்காரச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

ஒரே கோடு. கையெழுத்து. தேதி. காரணம் என்ற இடத்தில், ‘மின்தடை ஏற்படவில்லை. சரிபார்க்காமல் எழுதியது என் பிழை’ என்று எழுதினேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் நான் எழுதிய வரிகளில் அது ஒன்றுதான் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. மூன்று பேட்ச்சும் அன்றைக்கே நிராகரிக்கப்பட்டன. அடுத்த வாரம் கேப்ஸ்யூல்களை உடைத்து அழித்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“மருந்து இல்லியா, கெட்டுப் பூட்ச்சா?”

“கெட்டுப்போச்சுப்பா.”

“எவ்ளோ கெட்டுப் பூட்ச்சு? புழு வெச்சிச்சா?”

“அப்படி இல்லப்பா. உள்ள கொஞ்சம் வேற பொருளா மாறிடுச்சு.”

“கொஞ்சந்தான? ரேஷன் அரிசி துன்னு வளந்த ஒடம்பு இது. அத்தயே எடுத்துனு வா. நான் துன்றேன்.”

“மாட்டேன்ப்பா.”

“ஏன் மாட்டே? எனக்குத்தான வலிக்குது, ஒனக்கா வலிக்குது? செத்தா நான் சாவறேன், எடுத்துனு வா!”

“தர மாட்டேன்ப்பா. நீ கேட்டாலும் தர மாட்டேன்.”

“ஊருக்கெல்லாம் மருந்து செய்யறவளாம். பெத்த அப்பனுக்கு ஒரு மாத்திர கொண்டாற வக்கில்ல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பாவை அப்படி வலியில் விட்டுவிட்டு நியாயம் பேசுகிறோமே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் ஆப்டே சார் என்னைக் கூப்பிட்டு, “எங்கே கெடுதுன்னு நீயே கண்டுபிடி” என்றார். தண்டனையாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். உற்பத்திப் பிரிவில் போய் நின்றேன். மூலப் பொடி வந்து இறங்குவதிலிருந்து கேப்ஸ்யூல் மூடுவது வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் எடுத்து வந்து சோதித்தேன். “வந்துட்டாங்கப்பா சி.ஐ.டி.” என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். மூலப் பொடியில் லாக்டம் இல்லையென்றே சொல்லலாம். ஈரப்படுத்திக் குருணையாக்கிச் சூட்டில் உலர்த்திய பிறகு எட்டிப் பார்த்தது. அந்தக் குருணையை மில்லில் அரைத்த பிறகு இன்னும் கூடியது. இந்த மருந்துக்குச் சூடும் ஆகாது, அரைப்பதும் ஆகாது. நாங்கள் இரண்டையும் செய்து, கேட்டை விதைத்தே கேப்ஸ்யூலில் அடைத்திருக்கிறோம். வியாழக்கிழமை பாவம், அதற்கு ஒன்றுமே தெரியாது.

ஈரமும் உலர்த்தலும் மில்லும் இல்லாமல், பொடியை உலர்ந்தபடியே கலந்து நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். உலர்ந்த பொடி மெஷினில் சரியாக ஓடாது என்று உற்பத்திக்காரர்கள் குதித்தார்கள். ஒரு மாதம் அவர்களோடு நான் போட்ட சண்டையில் கேன்டீனே காலியாகிவிடும். கடைசியில் ஓடியது. புதிய பேட்ச் சூட்டுப் பெட்டிக்குள் போயிற்று. ஒரு மாதம், இரண்டு மாதம். மூன்றாம் மாதம் காகிதம் நகரும்போது நான் மெஷின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. லாக்டம் வரும் நிமிஷத்தில் பேனா லேசாக ஒரு புடைப்புப் போட்டுவிட்டு இறங்கி நேராக ஓடியது. ஆப்டே சார் அந்தக் காகிதத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்தார், நகர்த்தினார், எங்கும் நிற்கவில்லை. “கலாபாயி, அப்பாவுக்கு எப்போ வாங்கப்போறே?” என்றார்.

அந்த மாதங்களில் அப்பா பட்டதைச் சொல்லி முடியாது. பம்பாய் சரக்கு ஒரு மாதம் வந்தது, இரண்டு மாதம் வரவில்லை. பேசாமல் இருந்த கோபம் தணிந்தாலும், “இன்னா, இன்னும் வேகலியா ஒங்க மருந்து?” என்று குத்திக்காட்டுவதை விடவில்லை. நானும் “வேகாம இருக்கத்தான்ப்பா பாடுபடறோம்” என்று திருப்பிக் கொடுப்பேன்.

கடைக்கு வந்த முதல் வாரம் எல்லாரையும்போல மெடிக்கலில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு போனேன். அப்பா ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த லாட்டு இல்லியே?” என்றார். “அதை எல்லாம் அழிச்சாச்சுப்பா” என்றேன். தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். முதல் வாரம் தலை சுற்றுகிறது, தூக்கம் தூக்கமாய் வருகிறது என்று என்னையும் கம்பெனியையும் சேர்த்து வைதார். அப்புறம் எரிச்சல் மட்டுப்பட்டது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது அப்படிப் போகிற வலி இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாராம். வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் சாவியைக் கைப்பையில் தேடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அடுத்த முறை கேம்ப்பில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம். நான் சீட்டுப் பதிந்துகொண்டிருந்தேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தமிழ்க்காரர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்தது. சர்க்கரை வியாதியால் பாதமெல்லாம் எரிச்சல் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் எங்கள் கம்பெனி ஸ்ட்ரிப்.

“முன்னெல்லாம் வெளிநாட்டு மருந்து எழுதுவார் சார். இப்போ என்னமோ இந்தப் போசரி கம்பெனியோடது எழுதறார். விலை இவ்வளவு கம்மியா இருக்கே, இதுல என்னத்தக் கலந்திருப்பான்னே தெரியல. சாப்பிடவே பயமா இருக்கு.”

நான் திரும்பிப் போய், எப்படிச் சோதிக்கிறோம், என்ன அளக்கிறோம் என்று ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகப் பேசினார்.

“பயப்படாம துன்னு சாரு. எம் பொண்ணு அங்கதான் கீது. ஒருவாட்டி மருந்து செரியில்லேன்னு, பெத்த அப்பன் நானு கெஞ்சிக் கேட்டேன், தர மாட்டேன்னுட்டா!”